டர்பனுக்குக் குடிவருகிறோம். லேப்டாப்புக்குப் பதில் டெஸ்க்டாப்பும் டேப்லெட்டும் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு பேருக்காக. வீட்டிலிருந்தே கணக்கு எழுதப்போகும் உங்கள் மனைவிக்குத் தாராளமாகச் சரிப்படும். பதினோராம் வகுப்பு மகளின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நானும் இங்கே கணக்கு எழுதிப் பிழைப்பவன்தான். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சில சின்னக் கடைகளுக்கு. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. 2021 வரை லேப்டாப்தான் வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் ரோபோட்டில் நின்றுகொண்டிருந்தேன் (பயப்படாதீர்கள், இந்த ஊரில் சிக்னல் விளக்குக்குப் பெயர் ரோபோட்). பின் சன்னலை உடைத்துப் பையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுச் சாமான்களுக்குக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாகக் கூப்பிட்டேன். வெளியே கொண்டுபோகிற பொருளை 'ஆல் ரிஸ்க்' பகுதியில் தனியாக எழுதிச் சேர்த்திருக்க வேண்டுமாம். நான் சேர்க்கவில்லை. ஒரு ராண்ட்கூடத் தேறவில்லை. நீங்கள் எதை வாங்கினாலும், தூக்கிக்கொண்டு போகும் சாமானை அந்தப் பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.

கையில் இருந்த காசுக்கு இன்னொரு நல்ல லேப்டாப் வராது. ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தது, எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப் போட்டது. ரேம் 8 ஜிபி கூட்டி, ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு) போட்டேன். இரண்டையும் சமையல் மேசையில் வைத்து நானே மாட்டினேன். இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும், வாங்கினபோது உள்ளதுதான் கடைசிவரை. பழையதாக வாங்குவதானால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் மெஷினை விலை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டேப்லெட் பத்து அங்குலம், பேனாவோடு.

இனி கரண்ட் விஷயம். லோட் ஷெட்டிங் (மின்சாரம் போதாமல் முறை வைத்து நிறுத்துவது) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 அதன் உச்சம். பகலில் இரண்டு மணி நேரம், ராத்திரியில் இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துப் போகும். 2024 மார்ச் கடைசியில் நின்றது, 2025 தொடக்கத்தில் சில நாள் மறுபடி எட்டிப் பார்த்தது. ஆனால் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று தெருவோடு போகும் வெட்டு இப்போதும் உண்டு. லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது, டெஸ்க்டாப்புக்குள் இல்லை. நண்பர்கள் எல்லோரும் என்னை எச்சரித்தது இதைச் சொல்லித்தான்.

650 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். என் மெஷினையும் மானிட்டரையும் அது பத்து நிமிஷம் தாங்கும். அந்தப் பத்து நிமிஷம் வேலை செய்வதற்கு அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக மூடுவதற்கு. அதன் பிறகு டேப்லெட்தான். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாகச் சின்ன யுபிஎஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும், அவை பல மணி நேரம் ஓடும். வாங்கி வையுங்கள். வெட்டு நீண்டால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும், மொபைல் டேட்டாவை மட்டும் நம்ப முடியாது.

நான் சறுக்கிய இடம் இனிமேல்தான். டேப்லெட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது எங்கிருந்தாலும் இணையம் மூலம், வீட்டு மெஷினுக்குள் நுழைந்துகொள்ளலாமே, எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமே என்று கணக்குப் போட்டேன். விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய முடியாது, புரோ வேண்டும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம், எதிலும் ஓடும், அதை வைத்தேன். அருமையாக ஓடியது. கரண்ட் போனதும் வீட்டில் மெஷின் அணைந்தது. நான் ஃபீனிக்ஸில் ஒரு கடையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், அது வெறும் கண்ணாடித் துண்டு. எந்த நேரத்துக்காக டேப்லெட் வாங்கினேனோ அந்த நேரத்தில்தான் அது கைவிட்டது.

அப்புறம் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கிற அமைப்புத் திரை) 'ஏசி பவர் லாஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று மாற்றினால் கரண்ட் வந்ததும் மெஷின் தானே எழுந்துகொள்ளும், வெளியூரில் இருந்தாலும் நுழையலாம். இரண்டாவது இன்னும் முக்கியம். அன்றைக்கு வேண்டிய கோப்புகளை ஒன்டிரைவில் போட்டு, டேப்லெட்டில் ஆஃப்லைனில் இருக்கும்படி குறித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். ரிமோட் இணைப்பு வசதிக்கு, கோப்புகள் கையில்.

அப்படியும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு மளிகைக்கடை அங்கிள் (இங்கே பெரியவர்கள் எல்லாரும் அங்கிள்தான்) என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சிலேட்டு மட்டும் கொண்டுவந்தே?" என்றார். சிரித்தபடி அவருடைய எக்செல் கோப்பைத் திறந்தேன். அதில் மாதக் கணக்கைத் தானாகவே சுருக்கித் தரும் மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதும் சின்ன நிரல்) ஒன்று நானே எழுதி வைத்தது. டேப்லெட் எக்செல்லில் மேக்ரோ ஓடாது. அவர் எதிரில் உட்கார்ந்து கையாலேயே கூட்டினேன். இரண்டு டீ ஆயிற்று. உங்கள் மனைவி மேக்ரோ உபயோகிப்பவர் என்றால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: 10.1 அங்குலத்துக்கு மேல் போகும் டேப்லெட்டில் மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் செயலிகளில் திருத்த சந்தா கட்ட வேண்டும். 11 அங்குலம் அழகாகத்தான் இருக்கும்.

வீட்டில் கரண்ட் இருக்கும்போது டேப்லெட்டை மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி இரண்டாவது திரையாக்கிவிடுகிறேன். ஸ்பேஸ்டெஸ்க் என்ற செயலி போதும். வைஃபையில் மவுஸ் அம்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டு நகரும், யுஎஸ்பி கேபிள் போட்டால் சரியாகிவிடும். பில் டேப்லெட்டில், பேரேடு மானிட்டரில். இரண்டாவது மானிட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

டேப்லெட்டை எனக்கு உண்மையில் பிடித்துப்போனது சனிக்கிழமை வகுப்பில். இந்தப் பிள்ளைகளின் முப்பாட்டன் முப்பாட்டிகள் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்ததிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், தமிழ் கோயிலிலும் சாப்பாட்டிலும் மிஞ்சியிருக்கிறது. 'ழ' எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்று அச்சில் பார்த்தால் அவர்களுக்குப் புரியாது. பேனாவால் திரையில் மெதுவாக எழுதி, அதைப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன். ஒரு பாட்டி, பேத்திக்கு வந்த அந்தப் பதிவைப் பார்த்து, தானே உட்கார்ந்து தன் பெயரை எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். லேப்டாப்பில் இதை நான் செய்திருக்க மாட்டேன். நீளமாகத் தமிழில் தட்ட வேண்டியது மட்டும் டெஸ்க்டாப்பில், தமிழ்99 விசைப்பலகை முறையில்.

டேப்லெட்டுக்கு விசைப்பலகை உறை வாங்காதீர்கள். டேப்லெட், விசைப்பலகை, பேனா, சந்தா எல்லாம் கூட்டிப் பார்த்தால் லேப்டாப் விலை வந்துவிடும், கிடைப்பதோ மடியில் நிற்காத அரை லேப்டாப். டைப் அடிக்கத் தோன்றினால் மேசைக்குப் போகிறேன்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை அம்மாவின் டெஸ்க்டாப்பும் இந்த டேப்லெட்டும் போதும். மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து, விடுதியில் தங்கி, நிரல் எழுதும் படிப்போ வரைபடம் போடும் படிப்போ எடுத்தால் லேப்டாப்தான். அவள் மேசையே பைக்குள் போக வேண்டியிருக்கும். இப்போதே வாங்கி வைக்காதீர்கள், படிப்பு முடிவாகட்டும்.

கோவையிலிருந்து உங்கள் பழைய டெஸ்க்டாப்பையே கொண்டுவருவதாக இருந்தால் ஒரு சின்ன சங்கதி. நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற பெரிய மூன்று முள் பிளக்தான் இங்கே சாதாரண பிளக். வோல்டேஜ் பிரச்சினை இல்லை, அதே 230தான். பெரிய பிளக் உள்ள பவர் கார்டு இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு என்னுடையது மேசை மேலேதான் இருக்கிறது.