பழைய கோட்டைல நடக்குற போர் ரீஎனாக்ட்மென்ட்ல சிப்பாயா கலந்துக்கிட்டா எப்படி இருக்கும்?

ஒரு தடவை போயிருக்கேன். கனடாவுல ஃபோர்ட் ஈரி, நயாகரா ஆறு ஏரியில இருந்து கிளம்புற இடம், அக்கரையில அமெரிக்காவோட பஃபலோ. 1814ல இந்தக் கோட்டைய அமெரிக்கப் படை புடிச்சு வெச்சிருந்துச்சு, பிரிட்டிஷ்காரங்க வெளியில இருந்து முற்றுகை போட்டாங்க, அதைத்தான் ஆகஸ்ட்ல ஒரு வீக்கெண்ட் நடிச்சுக் காட்டுவாங்க. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் இழுத்துட்டுப் போனாரு. போன உடனே துப்பாக்கிய நீட்டிட மாட்டாங்க, அதுக்கு முன்னாடி நாலஞ்சு ஞாயித்துக்கிழமை டிரில்லுக்குப் போயி திட்டு வாங்கணும்.

முக்கால்வாசி நேரம் வேர்த்துக்கிட்டு நிக்கிறதுதான் வேலை. அந்த வெயில்ல கம்பளியில பிரிட்டிஷ் சிப்பாயோட செவப்பு கோட்டு, கழுத்தத் திருப்ப விடாம ஒரு தோல் பட்டை, ஷூவுல இடது வலதே கிடையாது ரெண்டும் ஒரே அச்சு, கைல நாலரை கிலோ துப்பாக்கி. பேப்பர்ல சுருட்டின தோட்டாவ பல்லால கிழிச்சு கொஞ்சம் வெடிமருந்த துப்பாக்கி பக்கவாட்டுல இருக்குற குட்டிக் கிண்ணத்துல போட்டு மிச்சத்தக் குழாய்ல கொட்டணும், குண்டெல்லாம் கிடையாது வெறும் கருமருந்துதான். நாக்குல பட்டுச்சுன்னா, தீபாவளிக்கு மறுநாள் காலைல தெருவுல ஒரு வாசனை வருமே, அத வாயில போட்ட மாதிரி இருக்கும். சுட்ட உடனே எதிர்ல ஒண்ணும் தெரியாது, ஒரே வெள்ளப் புகை, எதிரி எங்கன்னே தெரியாம அடுத்த ஆர்டருக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கணும்.

யாரு எப்ப சாகணும்னு முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்க. பழைய ஆளுங்க கரெக்டா மர நிழலுக்கு வந்ததும் குண்டடி பட்டு விழுவாங்க. நான் நடு வெயில்ல செத்துட்டேன், இருபது நிமிஷம் எறும்புக்கடி.

ஆனா சனிக்கிழமை ராத்திரி வேற கதை. இருட்டுல கோட்டைக்கு முன்னாடி நிக்கிறோம், சுடச் சொன்னப்ப என் துப்பாக்கி மட்டும் டிக்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. மறுபடியும் டிக். மூணு தடவை வெடிக்கலன்னா விட்டுடணும், மருந்து மேல மருந்து கொட்டக்கூடாதுன்றது ரூல். மருந்துல நெருப்பு பத்த வைக்க பொறி கிளப்புற சக்கிமுக்கிக் கல்லு மழுங்கிப் போயிருக்கு, நான்தான் பாக்கல. வெறும் துப்பாக்கியத் தூக்கிட்டு நின்னேன், அவமானமா இருந்துச்சு. அப்ப பக்கத்துல இருந்த பெரியவர் மெதுவா சொன்னாரு, அன்னைக்கு நெசமாவே இப்படித்தான் அனுப்புனாங்கன்னு.

ஆகஸ்ட் 15 விடியறதுக்கு முன்னாடி நடந்த தாக்குதல் அது. யாராவது அவசரப்பட்டு சுட்டா காரியம் கெட்டுடும்னு ஸ்நேக் ஹில்ங்கிற மேட்டுப் பக்கம் போன சிப்பாய்ங்களோட துப்பாக்கில இருந்து கல்லயே கழட்ட சொல்லிட்டாரு பிரிட்டிஷ் ஜெனரல் டிரம்மண்ட். துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி, அதான் பயனெட், அத மட்டும் நம்பிப் போனவங்களுக்கு ஏணியும் உயரம் பத்தல. இன்னொரு பக்கம் வடகிழக்கு கொத்தளத்துக்குள்ள எப்படியோ பூந்துட்டாங்க, கீழ இருந்த மருந்துக் கிடங்கு வெடிச்சுடுச்சு. செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்கன்னு பிரிட்டிஷ் பக்கம் மட்டும் 900 பேர் கிட்ட. 1930கள்ல கோட்டைய சீர் பண்றப்ப ஒரே குழியில 150 பேர் எலும்பு கெடச்சுதாம். அதக் கேட்டப்புறம் பக்கத்துல பாப்கார்ன் தின்னுட்டு கை தட்டுன கூட்டத்தப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு, அவங்க மேல தப்பும் இல்ல.

போட்டோ பாத்துட்டு அம்மா வாட்ஸாப்ல, "என்னடா வெள்ளைக்காரன் சட்டையப் போட்டுட்டு நிக்கிற, கட்டபொம்மன் பாத்தா என்ன சொல்லுவாரு?"ன்னாங்க. சிரிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் தூக்கிட்டு நின்ன மாடலுக்குப் பேரே இந்தியா பேட்டர்ன், முதல்ல கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குன்னு செஞ்சது, பிரான்ஸோட சண்டை வந்து துப்பாக்கி பத்தாதப்ப பிரிட்டிஷ் ராணுவம் அதையே எடுத்துக்கிச்சு. அத அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

நீங்க போறதா இருந்தா கல்ல மொத நாளே பாத்துக்கோங்க, ரெண்டு எக்ஸ்ட்ரா பையில போட்டுக்கோங்க. நான் அடுத்த தடவை அமெரிக்கப் பக்கம் கேக்கலாம்னு இருக்கேன், கோட்டைக்குள்ள நிழலாவது இருக்கும்.