ஓடாத நாட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பயிற்சி தவறிவிட்டது, இப்போது என்ன செய்வது? காரணம் காலண்டரிலேயே இருக்கிறது. சென்னை மாராத்தான் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வருகிறது. பயிற்சிக்கு 16 வாரம், 18 வாரம் என்று பின்னோக்கி எண்ணினால் செப்டம்பரில் தொடங்க வேண்டும். லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டங்கள் எல்லாம் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்து விழும். வடகிழக்குப் பருவமழைக்கும் அதே மாதங்கள்தான். 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம், மூன்றுமே டிசம்பர் முதல் பாதியில் வந்தவை. அதனால் பெசன்ட் நகர் கடற்கரையில் என்னோடு ஓட வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: இந்த அட்டவணையில் ஒன்றிரண்டு வாரம் மழைக்குப் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: மேடம், எனக்கு வயது 38. ஜனவரியில் முதல் ஃபுல் மாராத்தான், 42 கிலோமீட்டர். 26 கிலோமீட்டர் வரை ஓடியிருந்தேன். அப்புறம் எங்கள் தெருவில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது, அது வடிந்ததும் ஒரு வாரம் காய்ச்சல். 28, 30 கிலோமீட்டர் ஓட்டங்கள் இரண்டும் போய்விட்டன. வாட்ச் வேறு என் ஃபிட்னஸ் குறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை 28, ஞாயிற்றுக்கிழமை 30 ஓடி ஈடுகட்டிவிடலாமா?

கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தவறிப்போன ஓட்டம் கந்துவட்டிக் கடன் இல்லை, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்டுவதற்கு. போனது போனதுதான். இன்றைக்கு உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் நீங்கள் இழந்தது என்ன என்று பார்ப்போம். ஓட்டத்தை நிறுத்தியதும் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா. ரத்தத்தின் அளவு குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறையும். அதனால்தான் பழைய வேகத்திலேயே ஓடினாலும் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. உங்கள் வாட்ச் செய்வதும் வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டுப் போடும் ஒரு மதிப்பீடுதான். காய்ச்சல் முடிந்த வாரத்தில் துடிப்பு எப்படியும் ஏறியிருக்கும், எண் இறங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நீங்கள் மீண்டும் ஓடத் தொடங்கினால் பிளாஸ்மா சீக்கிரம் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் எட்வர்ட் கோயில் என்ற உடலியல் ஆய்வாளர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை 12 வாரம் சும்மா இருக்கவைத்து அளந்து பார்த்தார். 1984-இல் வெளியான ஆய்வு அது. முதல் மூன்று வாரத்தில் அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சுமார் 7 சதவீதம் குறைந்தது. உங்களுடையது இரண்டே வாரம். மாதக்கணக்கில் சேர்த்த உழைப்பு அதற்குள் கரைந்துவிடாது.

அதற்காக நஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். டப்ளினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவுச் செயலியில் பதிவான லட்சக்கணக்கான மாராத்தான் ஓட்டக்காரர்களின் பயிற்சியை அலசி 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு நாள் வரையிலான இடைவெளி பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருந்தது. அது சாதாரண விஷயம். ஏழு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து நின்றுபோனவர்களுக்குத்தான் முடிக்கும் நேரம் 5 முதல் 8 சதவீதம் கூடியது. பந்தயத்துக்கு 3 முதல் 7 வாரம் முன்னால் விழுந்த இடைவெளி அதற்கு முந்தையதைவிட அதிகம் பாதித்தது. நீங்கள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். நாலரை மணி நேரம் என்று குறி வைத்திருந்தால், 13 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை கூடலாம் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் மாராத்தானில் நேரத்தைத் துரத்துவது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை.

சனி 28, ஞாயிறு 30 என்பதில் எனக்கு இருக்கும் பயம் வேறு. மூச்சும் ரத்தமும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். எலும்பும் தசைநாணும் அந்த வேகத்தில் வராது. 'நன்றாகத்தானே ஓடுகிறேன்' என்று தோன்றும், அதே சமயத்தில் முன்னங்கால் எலும்பிலோ குதிகாலுக்கு மேலோ வலி தொடங்கியிருக்கும். தவறவிட்ட ஓட்டங்களால் பந்தயத்துக்கு வராமல் போனவர்களைவிட, அவற்றை ஈடுகட்டப் போய் வராமல் போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் செய்யுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் நாடித்துடிப்பைப் பாருங்கள். காய்ச்சலுக்கு முன்பிருந்த அளவுக்கு அது வந்தபிறகுதான் ஷூ போட வேண்டும். முதல் வாரம் மூன்று நாள், ஐந்தாறு கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், ஞாயிறு 16. அடுத்த ஞாயிறு 22. அதற்கடுத்த ஞாயிறு 28. அதோடு ஏற்றம் முடிந்தது, 30 வேண்டாம். பிறகு 18, 12, அப்புறம் பந்தயம். அந்த 28-இல் கால் சொன்னபடி கேட்கவில்லை என்றால், சென்னையில் ஹாஃபுக்கும் ஃபுல்லுக்கும் நடுவே 20 மைல் பிரிவு ஒன்று உண்டு. பிரிவை மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 32 கிலோமீட்டர் என்பது சின்ன தூரம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும்: தேங்கிய தண்ணீரில் நடந்தீர்களா? அப்படியானால் அதை டாக்டரிடம் சொன்னீர்களா? எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரிலிருந்துதான் வருகிறது, டெங்குவும் இதே பருவத்தில்தான். காய்ச்சல் முழுக்க விடுமுன் ஓடினால் வைரஸ் இதயத் தசையைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. ஓடும்போது நெஞ்சில் வலியோ, படபடப்போ, தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி வெறும் மழை ஓட்டத்துக்குத் தடையே இல்லை. தூறலில் ஓடுவதுபோல சுகம் சென்னையில் வேறு கிடையாது. இடி மின்னலும், அறுந்து கிடக்கும் மின்கம்பியும், தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழியும்தான் எமன். தரை தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். அந்த மாதிரி நாட்களில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் அரை மணி நேரம் படி ஏறி இறங்கினால் போதும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: ஓடுவது என் கணவர். ஒரு நாள் ஓட முடியவில்லை என்றால் அன்று முழுக்க வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். இது சகஜமா?

நிறையப் பேருக்கு நடப்பதுதான். 1970-இல் ஃபிரெடரிக் பேக்லண்ட் என்ற மருத்துவர் நியூயார்க்கில் ஓர் ஆய்வு செய்தார். வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்கள் ஒரு மாதம் அதை நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது நோக்கம். தினமும் பயிற்சி செய்பவர்கள் பணம் தருகிறேன் என்றாலும் நிறுத்த மறுத்துவிட்டார்கள்! கடைசியில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் செய்பவர்களை வைத்துத்தான் நடத்த முடிந்தது. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது.

ஆக உங்கள் கணவர் நடிக்கவில்லை, அந்தத் தவிப்பு உண்மை. ஆனால் அதைப் பிள்ளைகள்மேல் இறக்குவதற்கு இது காரணமாகிவிடாது. இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள். சார், அன்று மாலை 30 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள், பாதி கனம் இறங்கிவிடும். காலையிலேயே வீட்டில் 'இன்றைக்கு ஓடவில்லை, கொஞ்சம் ஒரு மாதிரி இருப்பேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: வயது 58. ஓராண்டுக்கு மேலாக ஒரு நாள்கூட விடாமல் ஓடுகிறேன். மூன்று வாரமாக வலது முன்னங்காலில் ஒரே இடத்தில் வலி. விரலால் அழுத்தினால் சுரீர் என்கிறது. தினமும் 2 கிலோமீட்டராகக் குறைத்து ஸ்ட்ரீக்கை, அதாவது விடாத தொடரைக் காப்பாற்றி வருகிறேன். தொடரலாமா?

ஐயா, இன்றோடு நிறுத்துங்கள். ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் எலும்பு வலி என்றால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக இருக்கலாம், அதாவது எலும்பில் மெல்லிய கீறல். எலும்பு டாக்டரைப் பாருங்கள். தொடக்க வாரங்களில் எடுக்கும் எக்ஸ்-ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. 'படத்தில் ஒன்றுமில்லை' என்றதும் மறுநாள் ஓடப் போய்விடாதீர்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். இந்த நிலையில் 2 கிலோமீட்டரும் எலும்புக்குச் சுமைதான்.

விடாமல் ஓடுவதில் உலகப் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் ரான் ஹில். 1970 பாஸ்டன் மாராத்தானை வென்றவர். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேல், தினமும் குறைந்தது ஒரு மைல் ஓடினார். நடுவில் கால் அறுவை சிகிச்சை நடந்தபோதுகூட, கட்டுப் போட்ட காலோடு அந்த ஒரு மைலைக் கடந்தார். அந்த மனஉறுதியை நான் வணங்குகிறேன், ஆனால் கட்டுக்காலோடு ஓடியதை யாருக்கும் முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். அவரே 78 வயதில், ஓடும்போது நெஞ்சு வலித்தது என்று, அத்தனை நீளத் தொடரையும் தானே முடித்துக்கொண்டார். வீட்டாருக்காக அது சரியான முடிவு என்று நினைத்தார். அவரால் விட முடிந்ததை உங்களாலும் விட முடியும். எலும்பு கூடும்வரை, டாக்டர் சம்மதித்தால், நீச்சல் அடிக்கலாம். ஓராண்டு தினமும் எழுந்த பழக்கம் இருக்கிறதே, அதே நேரத்துக்கு எழுந்து குளத்துக்குப் போங்கள்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, எனக்கு 44 வயது. மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. இரண்டு மாதமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ரேஸ்கோர்ஸில் ஓடும் எங்கள் குழு ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் படம் போடும்போது அழுகையே வருகிறது. ஒரு நாள் ஓடப் போனால் மாமியாரை விட்டுவிட்டு வந்தோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது, போகாவிட்டால் இத்தனை நாள் உழைப்பு வீணாகிறதே என்று இருக்கிறது. மூன்று வாரத்தில் கோயம்புத்தூர் மாராத்தானில் ஹாஃப். கைவிட்டுவிடலாமா?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மழை விட்டால் ஓடலாம், காய்ச்சல் தீர்ந்தால் ஓடலாம். உங்களுடையதற்கு அப்படித் தேதி கிடையாது. என்னோடு ஓடும் பெண்களில் பலரும் ஓட்டத்தை விட்டது இப்படி ஒரு கட்டத்தில்தான். ஆண்கள் ஓடப் போவதற்கு வீடு வழிவிடுகிறது. பெண்கள் போக வேண்டுமானால் அவர்களே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம், அதனால் நேராகவே கேட்கிறேன்: உங்கள் கணவர் காலை ஐந்தே கால் மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறார்? விழுந்தது அவருடைய அம்மா. 'கொஞ்சம் உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. 'செவ்வாயும் சனியும் ஐந்தே காலிலிருந்து ஆறே கால் வரை அம்மா உங்கள் பொறுப்பு. பாத்ரூமுக்கு வாக்கர் வைத்து இப்படிக் கூட்டிப்போக வேண்டும், மாத்திரை இங்கே' என்று ஒரு முறை செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள். நாத்தனாரோ கொழுந்தனாரோ ஊரில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பத்து வாரம் வாரத்துக்கு ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 15 வாரம் நான்கு நாளாகவோ இரண்டே நாளாகவோ குறைக்கச் சொன்னார். சேர்த்த திறன் ஏறக்குறைய அப்படியே நின்றது. ஒரே நிபந்தனை, செய்கிற நாளில் நேரமும் தீவிரமும் குறையக் கூடாது. 1981-இல் வந்த அந்த முடிவைத்தான் நான் உங்களைப் போன்றவர்களுக்கு நம்பிக் கொடுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் மெதுவாக. பிறகு மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் தளர்வு என்று நான்கு முறை. கடைசியில் பத்து நிமிடம் மெதுவாக. நாற்பது நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பலாம். சனிக்கிழமை 45 நிமிடம் நிதானமான ஓட்டம், ரேஸ்கோர்ஸில் இரண்டு மூன்று சுற்று. இரண்டு மாதம் இடைவெளி விழுந்திருப்பதால் முதல் வாரம் மட்டும் செவ்வாயும் மெதுவாகவே ஓடுங்கள். குழுவை மியூட்டில் போட்டுவிடுங்கள், வெளியேற வேண்டாம். குழுவில் ஒரே ஒரு தோழியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லுங்கள். சனிக்கிழமை உங்கள் வேகத்தில் கூட ஓட அவரே வருவார்.

ஹாஃப் இந்த முறை வேண்டாம். மூன்று வாரத்தில் 21 கிலோமீட்டருக்குத் தயாராக முடியாது, அதைச் செய்து முழங்கால் வலியோடு உட்கார்ந்தால் வீட்டில் இரண்டு நோயாளிகள். அதே பந்தயத்தில் 10 கிலோமீட்டர் உண்டு. மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் பிப்பை, அதாவது பந்தய எண் அட்டையைக் கட்டிக்கொண்டு போய்க் குழுவோடு கிளம்பி, பத்தாவது கிலோமீட்டரில் ஒதுங்கி நின்று மற்றவர்களுக்குக் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மாமியாருக்கு நடைப்பயிற்சி எந்த அளவில் இருக்கிறது என்பதையும், செவ்வாய்க்கிழமை காலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள்.