சட்டைத் துணியும் ஒரு ஏரோப்ளேனும்

அன்புள்ள ஐயா,

பர்மாவின் விமான வரலாற்றை எழுதுவதாக 12 வருஷமாகச் சொல்லிவருகிறீர்கள். புத்தகம் எப்போது வரும்? ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் காணாமல் போன கதையோடு தொடங்கினால் விறுவிறுப்பாக இருக்குமே? இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலை செய்த எங்கள் தாத்தா சொன்னதையெல்லாம் அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாதி கட்டுக்கதை மாதிரி இருக்கிறது. அதையெல்லாம் வடிகட்டிவிட்டுப் புத்தகமாகப் போடலாமா?

ஒரு வாசகர், மோல்மீன்

அன்புள்ள தம்பி,

ரங்கூனில் கரண்ட் எப்போது வரும் என்று நீங்கள் சொல்லுங்கள், புத்தகம் எப்போது வரும் என்று நான் சொல்கிறேன்.

கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் வேண்டாம். 1935 நவம்பர் 8 அன்று அந்தமான் கடல் பக்கம் மறைந்தார், 1937இல் அவருடைய விமானத்தின் சக்கரக் கால் ஒன்று ஆயே தீவில் ஒதுங்கியது. ஆஸ்திரேலியாக்காரர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். அந்தத் தீவு உங்கள் ஊருக்குத் தெற்கேதான் இருக்கிறது, ஒருநாளாவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?

சரி, வடிகட்டுவதற்கு வருகிறேன். அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நானும் வடிகட்டியவன்தான்.

என் தாத்தா இன்சேன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூலி. (இன்சேன் என்றால் இப்போது எல்லோருக்கும் ஜெயில்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் ஒர்க்‌ஷாப்தான் ஊரே.) அவர் ஒரு ஏரோப்ளேன் கதை சொல்வார். மழையில் வந்ததாம், மூக்கு குத்திப் பள்ளத்தில் விழுந்ததாம், இவர்கள் பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்தார்களாம். அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாளாம். இறக்கை கிழிந்துபோனதற்குத் துரைமார்களின் சட்டையைக் கிழித்து ஒட்டுப் போட்டார்களாம். அப்புறம் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து அது பறந்து போனதாம். சட்டைக் கட்டம் வந்ததும் பாட்டி சிரிப்பாள். "இவர் சட்டைக்கு ஒட்டுப் போடவே துணி இல்லை, இவர் ஏரோப்ளேனுக்குப் போட்டாராம்!" நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

புத்தகம் எழுத உட்கார்ந்தபோது பந்தய மைதானம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். 1919இல் ஆஸ்திரேலிய விமானி ராஸ் ஸ்மித்தும் அவர் சகோதரர் கீத்தும் இரண்டு மெக்கானிக்குகளும் விக்கர்ஸ் விமி விமானத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில் நவம்பர் கடைசியில் ரங்கூன் பந்தய மைதானத்தில்தான் இறங்கினார்கள். அதில் என் தாத்தாவைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். முதல் அத்தியாயம், முதல் பக்கம், தாத்தா பெட்ரோல் டின் சுமக்கிறார்! எப்படி இருக்கும் பாருங்கள். மழை? நவம்பர் கடைசியில் ரங்கூனில் ஏது மழை, அதை அடித்தேன். பெண்? கிழவர் கலர் சேர்க்கிறார், அடித்தேன். சட்டையைக் கேட்கவே வேண்டாம். அவர் 1912இல் பிறந்தவர், 1919இல் ஏழு வயது, ஏழு வயதுப் பையன் நாலு கேலன் டின்னை எப்படிச் சுமப்பான் என்றுகூட யோசிக்கவில்லை தம்பி, அந்தக் காலத்துக் கூலிகளுக்குப் பிறந்த தேதி சரியாக யாருக்குத் தெரியும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு வருஷம் அந்த அத்தியாயத்தை மெருகேற்றினேன்.

அப்புறம் வேறு எதற்கோ ஏமி ஜான்சனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1930 மே 5 அன்று லண்டன் பக்கத்துக் குரோய்டனிலிருந்து ஜிப்சி மாத் விமானத்தில் தனியாகக் கிளம்பிய பெண், 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் போய்ச் சேர்ந்தார். நடுவில் ரங்கூன். மழையில் பந்தய மைதானம் கண்ணில் படாமல் இன்சேன் தொழில்நுட்பப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கி, ஓடிப்போய்ப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி, இறக்கையும் புரொப்பெல்லரும் உடைந்து நிற்கிறார். பள்ளிக்காரர்கள்தான் பழுது பார்த்தார்கள். இறக்கைக்குத் துணி கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் சிலரிடம் இருந்தன, அவற்றைக் கிழித்து ஒட்டுப் போட்டார்கள். பிறகு விமானத்தைப் பந்தய மைதானத்துக்கு இழுத்துப் போய் அங்கிருந்து பறந்தார்.

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாட்டியும் போய்விட்டாள், தாத்தா போய் 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாரிடம் போய்ச் சொல்ல? அந்த மனிதர் ஒரு சொல் கூட்டவில்லை. வேண்டாததென்று நான் எதையெல்லாம் தூக்கிப் போட்டேனோ அதெல்லாம்தான் நடந்தது. பெட்ரோல் டின் மட்டும் அவர் சொன்னதே இல்லை, அது நான் சுமத்தியது.

உங்களுக்கு என்ன வயது தம்பி? முப்பது இருக்குமா? அந்தக் காட்டுப் பாதையில் எத்தனை தமிழர்கள் செத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பெயர் கல்லில் இருக்கிறது? அங்கிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் வாய்விட்டுச் சொன்னது உங்கள் வீட்டில் நோட்டாக இருக்கிறது, நீங்கள் அதில் கட்டுக்கதை பொறுக்க உட்காருகிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? ரொம்ப நம்ப முடியாததாக எது தெரிகிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், பென்சிலில். அதற்கு மேல் அந்த நோட்டில் கை வைக்காதீர்கள்.

என் முதல் அத்தியாயத்தில் இப்போது தாத்தா இல்லை. மூன்றாவதுக்கு மாறிவிட்டார். முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது, தாமதத்துக்கு அதுவும் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ரங்கூன் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும், நான் போய் வாங்கிக்கொள்கிறேன். பாலிதீன் பையில் சுற்றி அனுப்புங்கள்.