பல் நாற்காலியைக் கண்டாலே நடுக்கமா? மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

பல் சிகிச்சைக்கு அஞ்சி நாள் கடத்துகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. பல் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் மயக்கவியல் மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வேர் சிகிச்சைக்குப் போய், துளையிடும் கருவியின் சத்தம் கேட்டதும் இரண்டு முறை எழுந்து வந்துவிட்டேன். முழுவதுமாக மயக்கிவிடுங்கள் என்று கேட்கலாமா? (பள்ளி ஆசிரியை, தேனி)

கேட்கலாம் அம்மா. ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். 'மயக்க ஊசி' என்ற ஒரே சொல்லை நாம் மூன்று வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஈறில் போடும் லிக்னோகெய்ன் ஊசி அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும். நினைவு தெளிவாக இருக்கும், பயமும் அப்படியே இருக்கும். முழு மயக்கத்திலோ நினைவே போய்விடும், மூச்சுக்கும் நாங்கள்தான் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அமைதிப்படுத்தும் மருந்து. வாயைத் திறங்கள் என்றால் திறப்பீர்கள், மனம் பதறாது. அதை வாயுவாக மூக்கு வழியே தரலாம், மாத்திரையாகத் தரலாம், கை நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், ஊசியாகவும் தரலாம்.

இவை தணிப்பது முக்கியமாகப் பயத்தைத்தான். வாயு வலியையும் சற்றுக் குறைக்கும் என்றாலும், எந்த வழியில் தந்தாலும் ஈறு ஊசி உண்டு. 'தூங்க வைப்பதாகச் சொல்லிவிட்டு ஊசி போட்டார்கள்' என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. உங்கள் நிலைக்கு வாயுவோ, ஒரு மணி நேரம் முன்னால் விழுங்கும் மாத்திரையோ போதுமானதாக இருக்கும். எது என்பதை உங்கள் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சிரிப்பு வாயு என்கிறார்களே, ஆபத்தில்லையா?

நைட்ரஸ் ஆக்சைடுதான் அது. பல் மருத்துவத்தோடு இதற்கு மிகப் பழைய உறவு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், இந்த வாயுவை வைத்து நடந்த பொழுதுபோக்குக் காட்சி ஒன்றுக்குப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் போயிருந்தார். வாயுவைச் சுவாசித்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் நின்றதைக் கவனித்தார். மறுநாளே தாம் அந்த வாயுவைச் சுவாசித்துத் தம் கடைவாய்ப் பல்லை எடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் பாஸ்டனில் பலர் முன் செய்து காட்டியபோது நோயாளி முனகிவிட்டார். வெல்ஸை எள்ளி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்திலிருந்து அவர் மீளவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

இன்றைய கருவிகள் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை. சில நிமிடங்களில் உடல் லேசாகும், கைகால் விரல்கள் சிலிர்க்கும். முடிந்ததும் 5 நிமிடம் தனி ஆக்சிஜன் கொடுத்தால் தெளிவு திரும்பிவிடும். மாத்திரையிலும் கை ஊசியிலும் இந்த வசதி இல்லை. அதனால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. மூக்கடைப்பு இருந்தால் பயன்படாது. வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்களும், விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு வைக்கப்பட்டவர்களும் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும்.

மாத்திரை போட்டுக்கொண்டு நானே பைக் ஓட்டி வரலாமா?

கூடாது. போகவும் கூடாது, திரும்பவும் கூடாது. டயஸெபாம் போன்ற அமைதி மாத்திரைகள் ஒரு நாளைக்கு மேலும் உடலில் தங்கும். துணைக்கு ஒருவர் வேண்டும். அன்று மது தொடக் கூடாது, கையெழுத்திடும் காரியங்களும் வேண்டாம். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்று முறை ஊசி போட்டும் வலித்தது. எனக்கு மருந்தே ஏறாதோ?

பல்லடியில் சீழ் கட்டியிருந்ததா? சீழ் பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடும். அங்கே லிக்னோகெய்ன் வலியைக் கடத்தும் நரம்புக்குள் நுழையத் திணறும். குறை உங்கள் உடம்பில் இல்லை. சீழை வடித்துவிட்டுச் செய்வது, நரம்பின் வேறோர் இடத்தில் ஊசி போடுவது என்று வழிகள் உண்டு. வலி அடங்காதபோது அமைதி மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் தவறு.

என் மகனுக்கு நான்கு வயது. ஆறு பற்கள் சொத்தை. மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. (ஒரு தாய், சேலம்)

உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அழுகிற குழந்தையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு ஆறு முறை செய்வதைவிட இது நல்லது என்பதே என் கருத்து. அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட பிள்ளைகள்தான் நாற்பது வயதிலும் பல் நாற்காலியைக் கண்டு நடுங்குகிறார்கள். மிடஸோலாம் என்ற அமைதி மருந்தின் சிரப் ஒன்றிரண்டு பல்லுக்கு உதவும். சில பிள்ளைகள் அதைக் குடித்ததும் அமைதியாவதற்குப் பதில் முரண்டு பிடிப்பதும் உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள்: வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தண்ணீர் 2 மணி நேரம் முன்பு. 'பாவம், பசிக்குமே' என்று பாட்டி ஊட்டிவிடும் இரண்டு பிஸ்கட், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். பாட்டியிடம் முந்தின இரவே சொல்லிவையுங்கள். அப்படியும் ஏதாவது கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். நாங்கள் கோபப்பட மாட்டோம், நேரத்தைத் தள்ளிவைப்போம்.

கர்ப்பிணிக்கு?

முதல் மூன்று மாதத்தில் வாயு வேண்டாம். அமைதி மாத்திரைகளையும் தவிர்ப்போம். ஈறு ஊசி போட்டுக்கொள்ளலாம். அவசரமில்லாத வேலைக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம்.

அப்பாவுக்கு 68 வயது, பருத்த உடம்பு, இரவில் பலத்த குறட்டை. நரம்பில் ஊசி போட்டு நான்கு பற்களை எடுக்கலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

குறட்டையை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியிருந்தால் அமைதி மருந்து தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுப்பாதையை அடைத்துவிடக்கூடும். அவருக்குப் பல் கிளினிக் வேண்டாம், மருத்துவமனையில் வைத்துச் செய்யுங்கள்.

சம்மதிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: 'பல் எடுக்கிறவர் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்பாவின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்?' அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், கையில் ரத்த அழுத்தப் பட்டை, எட்டும் தூரத்தில் ஆக்சிஜன், மிடஸோலாமை முறிக்கும் ஃப்ளூமஸெனில் மருந்து எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பதில் தெளிவாக வரவில்லை என்றால், அப்பாவைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.