இடமறிந்து பாடம் சொல்லும் செயலிகள்: கேள்வி-பதில்

கே: பள்ளி வளாகத்து மரங்களில் குறியீடு ஒட்டி, மாணவர் போனைக் காட்டினால் அந்த மரத்தின் பாடம் வரச் செய்யப் போகிறோம். கியூஆரா, என்எஃப்சியா? (ஆசிரியை, திண்டுக்கல்)

ப: கியூஆர். அச்சுச் செலவு மட்டும்தான். என்எஃப்சி என்பது போனை அருகில் கொண்டுபோனால் தகவல் தரும் சிறு சில்லு. அந்த வில்லைக்கு 4 செ.மீ. நெருக்கத்தில் போனைப் பிடிக்க வேண்டும்; விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. ஆனால் 'இலவச டைனமிக் கியூஆர்' தளங்கள் பக்கம் போகாதீர்கள். அதற்குள் இருப்பது அவர்களுடைய இணைய முகவரி; அதுதான் உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். கணக்கு காலாவதியானால் உங்கள் பலகைகள் எல்லாம் வீண். பள்ளியின் சொந்த முகவரியையே நேரடியாக அச்சிடுங்கள். அப்புறம், வேம்பின் கீழே நிற்கும் பிள்ளைக்கு வேம்பைப் பற்றிய பத்தியைக் காட்டாதீர்கள், அதை வகுப்பிலேயே படிக்கலாம். இலையின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பங்குனி, சித்திரையில் பூவைப் பற்றிக் கேளுங்கள். சூழல் என்பது இடம் மட்டுமல்ல, காலமும்தான்.

கே: கீழடி அருங்காட்சியகத்துக்குள் மாணவர் எந்தக் காட்சிப்பொருளின் முன் நிற்கிறார் என்று ஜி.பி.எஸ். காட்டுமா?

ப: காட்டாது. திறந்த வெளியிலேயே 5 மீட்டர் பிசகும், கூரைக்கடியில் நம்பவே முடியாது. உள்ளே புளூடூத் பீக்கன் (அருகில் வரும் போனுக்குச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி) வைக்கலாம், ஆனால் அருங்காட்சியகம் அனுமதிக்க வேண்டும், பேட்டரியும் மாற்ற வேண்டும். காட்சிப்பொருளின் எண்ணை மாணவரே தட்டட்டும். அது போதும்.

கே: ஆப் திறக்கவில்லை. என்ன செய்வது?

ப: எந்த ஆப், எந்தப் போன், நெட் இருந்ததா? இவை இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: மகனின் பள்ளியில் கேமரா வைத்து, முகத்தைப் பார்த்துக் கவனத்தை அளக்கப் போகிறார்களாம். நல்லதுதானே? (ஒரு தந்தை, கோவை)

ப: நல்லதல்ல. ஜன்னலைப் பார்த்தபடி கணக்கை மனத்தில் போடும் பிள்ளை உண்டு. கரும்பலகையையே பார்த்துக்கொண்டு ஒன்றுமே கேட்காத பிள்ளையும் உண்டு. கேமராவுக்குத் தெரிவது முகம் திரும்பிய திசைதான். அதை 'கவனம் 60 சதவீதம்' என்று அறிக்கையாக்கி உங்கள் கையில் கொடுப்பார்கள், நீங்களும் பையனைத் திட்டுவீர்கள். கணினி சுற்றியுள்ள பொருள்களில் எல்லாம் கலந்திருக்கும், அதாவது 'எங்கும் பரவிய கணினி' என்ற எண்ணத்தை முன்வைத்த கணினி அறிஞர் மார்க் வைசர், 1991இல் எழுதிய கட்டுரையிலேயே அந்தரங்கத்தை முக்கியச் சிக்கலாகச் சொல்லிவிட்டார். கல்விக்கூடங்களில் உணர்ச்சியைக் கணிக்கும் ஏ.ஐ.க்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி முதல் தடை. இங்கே 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருக்கலாம், அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். என்ன பதிவாகிறது, எங்கே சேமிக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள்? எழுத்தில் கேளுங்கள். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்: பாடத்துக்குத் தேவையான தகவலை மட்டும் எடுங்கள், பாடம் முடிந்ததும் அழியுங்கள். முதல் கேள்வியில் வந்த மரப் பாடத்துக்குப் பிள்ளையின் பெயர்கூடத் தேவையில்லை.

கே: நெட் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?

ப: செய்யும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

கே: பறவை நோக்கலுக்கு, பறவையின் பெயரைக் கண்டு சொல்லும் மெர்லின் செயலி கிராமத்தில் பயன்படுமா?

ப: பயன்படும். உங்கள் பகுதிப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். குரலைக் கேட்டு அது சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாமல், பிள்ளைகள் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதட்டும்.