திருப்பி அடிக்காவிட்டால் மானம் போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 15. நண்பர்கள் முன்னால் என்னைப் பற்றித் தரக்குறைவாகப் பேசினான் என்று, உடன் படிப்பவனின் முகத்தில் குத்திவிட்டான். பள்ளியில் ஒரு வாரம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் மாமனாரோ, "ரோஷமுள்ள பிள்ளை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமைப்படுகிறார். குடும்ப மானத்தைக் காப்பாற்று என்று சொல்லி வளர்த்ததே தவறா? பண்பாடுதான் வன்முறையைக் கற்றுக்கொடுக்கிறதா?

பதில்: குடும்பத்தின் மேல் பற்று வைக்கச் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் அதோடு, 'நாலு பேர் பார்க்கும்போது சும்மா வந்தால் கேவலம்' என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கையை ஓங்க வைப்பது அதுதான்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மானத்துக்காக அடிதடியில் இறங்குவதை நியாயமாகக் கருதும் மரபு உண்டு. உளவியலாளர்கள் டவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் குழுவினர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த தென்பகுதி, வடபகுதி மாணவர்களிடம் இதைச் சோதித்து 1996இல் வெளியிட்டார்கள். நடைவழியில் ஒருவர் மாணவனைத் தோளால் இடித்து, ஒரு வசவும் சொல்லிவிட்டுப் போவார். அடுத்து, குறுகலான வழியில் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் எதிரே வருவார். வசவு வாங்காத தென்பகுதி மாணவர்கள் சுமார் 9 அடி தூரத்திலேயே விலகி வழிவிட்டார்கள். வாங்கியவர்கள் 3 அடி வரை நெருங்கிப் போனார்கள். வடபகுதி மாணவர்களுக்கு வசவால் பெரிய வேறுபாடு இல்லை. அவமதிக்கப்படாதபோது அதிகப் பணிவோடு வழிவிட்டவர்களும் தென்பகுதியினர்தான் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பணிவும் முரட்டுத்தனமும் ஒரே மதிப்பீட்டிலிருந்து வந்தவை. இன்னொன்று: அவமானத்தை வேறொருவர் பார்த்துவிட்டால், 'இவன் என்னை ஆண்பிள்ளையாகவே மதிக்கமாட்டான்' என்று அவர்கள் நினைத்தார்கள்.

இதன் வேரை நிஸ்பெட்டும் கோஹனும் கால்நடை வளர்ப்பில் தேடினார்கள். மந்தையை ஒரே இரவில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். கேட்க அரசோ சட்டமோ அருகில் இல்லை. 'இவனிடம் வைத்துக்கொள்ளக் கூடாது' என்ற பெயர்தான் காவல். பிற்பாடு சட்டம் வந்தும் பழக்கம் ஏன் போகவில்லை? மற்றவர்கள் உண்மையில் விரும்புவதைவிட அதிகமாக அடிதடியை விரும்புவதாக ஒவ்வொருவரும் தப்புக்கணக்குப் போடுவது ஒரு காரணம். வாய்திறந்து யாரும் மறுக்காததால் கணக்கு திருத்தப்படுவதே இல்லை.

எனவே முதலில் மாமனாரிடம் பேசுங்கள். பேரன் எதிரில் வேண்டாம். அங்கே அவருடைய கௌரவமும் பணயமாகிவிடும், பிடிவாதம்தான் மிஞ்சும். உங்கள் கணவர் தனியாகப் பேசினால் இன்னும் நல்லது. "நீங்க கோபத்தை அடக்கிக்கிட்டு வந்த ஒரு சம்பவத்தை அவனுக்குச் சொல்லுங்கப்பா" என்று கேட்கட்டும். பெரும்பாலான பெரியவர்களிடம் அப்படி ஒன்று இருக்கும். உங்கள் அறிவுரை பத்துக்கு அவர் வாயால் வரும் அந்த ஒன்று சமம்.

மகனிடம் "பொறுமையாக இரு" என்றால் போதாது. அந்த நொடியில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். "எங்கம்மாவைப் பற்றிப் பேச உனக்குத் தகுதியில்லை" என்று ஒருமுறை சொல்லி, கை எட்டாத தூரத்துக்குப் பின்வாங்கி, கிளம்பிவிட வேண்டும். வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகாவிட்டால் கோபத்தில் அது நினைவுக்கு வராது. "வாடா, போகலாம்" என்று இழுத்துப்போக ஒரு நண்பனையும் முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள். நண்பன் இழுத்துப் போனால் பயந்து ஓடினான் என்ற பேச்சு வராது.

"இந்தக் காலத்துப் பையன்கள் எல்லாம் இப்படித்தான்" என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள். திட்டுவதாக நினைத்துச் சொன்னாலும், 'எல்லோரும் அடிக்கிறார்கள்' என்றே அவனுக்குக் கேட்கும்.

குத்து வாங்கிய பையனின் வீட்டுக்கு, இந்த விலக்கு முடியும் முன்பே பெற்றோர் இருவரும் மகனோடு போங்கள். தாமதித்தால் அந்தப் பக்கமும் நாலு பேர் கூடி, "நீ சும்மாவா விடப்போகிறாய்?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். மன்னிப்பு கூட்டத்தின் நடுவே வேண்டாம். "நான் அடித்தது தப்பு" என்பதோடு மகன் நிறுத்திக்கொள்ளட்டும். "நீ பேசியதால்தான்" என்று சேர்த்தால் சண்டை மறுபடி முளைக்கும். கத்தி, மிரட்டல் என்று பேச்சு வந்திருந்தால் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்க முயலாதீர்கள். அன்றே பள்ளிக்கும் காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.