எங்கள் தெருவில் ஐந்து பேர் மாசமாக இருக்கிறோம். செக்கப்புக்கு ஒன்றாகப் போவதைத் தவிர ஒருவருக்கொருவர் வேறென்ன செய்துகொள்ளலாம்?

பென்னாகரம் பக்கம், மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை ஐந்து பேர், செவ்வாய்க்கிழமை ஒரே பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வழியில் பேசிக்கொள்வதெல்லாம் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்பதோடு முடிந்துவிடுகிறது என்றும் சொல்கிறீர்கள். அந்தப் பேச்சைவிடப் பெரிய உதவி உங்கள் கையிலேயே இருக்கிறது. செக்கப் அட்டையில் உள்ள எண்களையும் மாத்திரை போடும் நேரத்தையும் பகிர்ந்துகொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

முதலில் அட்டை. செக்கப் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் வெளியே பத்து நிமிடம் உட்காருங்கள். ஒருவர் அட்டையை இன்னொருவர் வாங்கிப் படியுங்கள். எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சிறுநீரில் ஆல்புமின், வயிற்றின் அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு என்று ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். கூட்டம் அதிகமான நாளில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், பெரும்பாலும் அது சிறுநீர்ப் பரிசோதனையாக இருக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே திரும்பிப் போய்க் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்குகிறவர்கூட, பக்கத்தில் ஒருத்தி நின்றால் கேட்டுவிடுவார்.

பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அது கவனிக்க வேண்டிய எண். ஆனால் வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்கும்போதும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். போனதும் சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கையை மேசை மேல் வைத்து, துணியை நன்றாக மேலே தள்ளிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். போன மாதம் 100/60 இருந்தவருக்கு இந்த மாதம் 130/86 வந்தால், 140ஐத் தொடவில்லையே என்று விட்டுவிடாமல் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஏற்றம் ஒரு மாத எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது, அட்டையில் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதேபோல, 24 வாரத்துக்குப் பிறகு வயிற்றின் அளவு (அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் மேல்முனை வரை) சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். 32 வாரத்தில் 28 செ.மீ. என்றிருந்தால் குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்ப்பார்கள்.

அடுத்தது ரத்தச் சோகை. நம் பக்கத்தில் அதிகம் தவறிப்போவது இங்கேதான். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே சோகைதான். சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் போட வேண்டும். 7க்கும் 11க்கும் நடுவில் இருந்தால் தினம் இரண்டு தருவார்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் ஏன் என்று டாக்டர் தேடிப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். 7க்குக் கீழே என்றால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரை போடுகிறேன், ஆனால் ரத்தம் ஏறவில்லை என்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதோடு போடுகிறீர்கள்? பலர் ராத்திரி படுக்கும்போது பாலோடு போடுகிறார்கள், சிலர் காலை டீ குடித்த கையோடு போடுகிறார்கள். பாலில் உள்ள கால்சியமும் டீயில் உள்ள துவர்ப்பும் இரும்பை உடம்பில் சேர விடாது. ராகிக் களியும் அப்படித்தான். கால்சியத்துக்கு ராகியை மிஞ்சிய தானியம் இல்லை, 100 கிராமில் 340 மி.கி.க்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்தக் கால்சியமும் ராகியில் இயற்கையாக உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் சேர்ந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் களியை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். ராகியை முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட்டும் குறையும்.

நேரம் இப்படி வைத்துக்கொள்ளலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கால்சியம் மாத்திரை, மாலையில் ஏதாவது சாப்பிட்டதும் இன்னொன்று. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு சிவப்பு மாத்திரை. பாலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். படுக்கப் போகும் நேரத்தில் போட்டால் குமட்டல் பெரிதாகத் தெரியாது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் அதில் உண்மை இல்லை. மலச்சிக்கலோ வயிற்றெரிச்சலோ தாங்கவில்லை என்றால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லாமல் மாத்திரையைப் பரண் மேல் போடுவதுதான் ஆபத்து.

உங்கள் ஐவரும் இதில் ஜோடி போட்டுக்கொள்ளலாம். காலி மாத்திரை அட்டைகளை எறியாமல் வைத்திருங்கள், மாதக் கடைசியில் இன்னொருத்தி எண்ணிப் பார்க்கட்டும். தினம் ஒன்று என்றால் 30 குழி காலியாக இருக்க வேண்டும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் இரும்புச்சத்து சிரப்பைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது மாத்திரைக்கு மாற்று இல்லை. குடற்புழு இருந்தாலும் ரத்தம் ஏறாது. நான்காம் மாதத்துக்குப் பின் 400 மி.கி. அல்பெண்டசோல் ஒரே ஒரு தடவை தருவார்கள், அது கிடைத்ததா பாருங்கள். காட்டுக்கும் கொல்லைக்கும் செருப்பில்லாமல் போகாதீர்கள். யாராவது அரிசி, சாம்பல், செம்மண் தின்கிறார் என்று தெரிந்தால் மசக்கை என்று சிரித்து விடாதீர்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அந்த ஆசை வரும். அவருக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

ரத்தம் ஏறாததற்கு நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு காரணம் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்று சேர்த்ததும் இதனால்தான். அதிக ஃபுளோரைடு பல்லில் பழுப்புக் கறை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. குடலின் உள்பரப்பையும் கெடுத்து, சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் செய்கிறது. டெல்லியில் ஃபுளோரைடு பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த டாக்டர் ஏ.கே.சுசீலா, கர்ப்பிணிகளுக்கு ஃபுளோரைடைக் குறைத்து உணவைச் சீர்செய்தால் ஹீமோகுளோபின் ஏறுகிறது என்று காட்டியிருக்கிறார். ஆகவே ஐந்து வீட்டிலும் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குடிக்க மட்டுமில்லை, சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். போர் தண்ணீர்தான் வழி என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கட்டன் டீயிலும் கறுப்பு உப்பிலும் ஃபுளோரைடு உண்டு.

சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் துணை அவசியம். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கலந்து தருவார்கள். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும், ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடியுங்கள். நேரத்தைக் கூட வந்தவர் போனில் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பிஸ்கட், டீ எதுவும் கூடாது, கடைவீதிக்கும் போகக் கூடாது. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். மறைத்துவிட்டு ரத்தம் கொடுத்தால் முடிவு தப்பாக வரும். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை நன்றாக வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் வைப்பது இலக்கு. ராகி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். களி சின்ன உருண்டை ஒன்றும் கீரையும் பருப்பும் என்று சாப்பிடலாம். மாம்பழக் காலத்தில் இது இன்னும் கஷ்டம் என்பது புரிகிறது. ஒரு சின்னத் துண்டு, அதுவும் சாப்பாட்டோடு சேர்க்காமல்.

ஏழாம் மாதத்திலிருந்து குழந்தையின் அசைவைத் தினம் எண்ண வேண்டும். சாப்பிட்டபின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வரவில்லை என்றால், வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று தோன்றினால்கூட, காலை வரை காத்திருக்காதீர்கள். தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது பிரஷர் ஏறியதன் அடையாளம். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து தண்ணீர் போவது, காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல் எதுவானாலும் 108. கடைசி மாதத்தில் விட்டு விட்டு வந்து, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடுவது சூட்டு வலி. வலி நேரம் தவறாமல் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போனால் அது பிரசவ வலி. பெரியவர்கள் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்பார்கள். குடியுங்கள், ஆனால் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 வாரத்துக்குள் பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். 14,000 பணமாகவும் 4,000 மதிப்புக்கு இரண்டு பெட்டகமாகவும் வரும். 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பணம் நின்றுபோவது பெரும்பாலும் வங்கிக் கணக்கு தூங்கிப்போயிருப்பதாலும், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று இருப்பதாலும்தான். வளைகாப்பு முடிந்து தாய் வீடு போகிறவர் இரண்டு ஊர் நர்ஸிடமும் சொல்ல வேண்டும், புதிதாகப் பதியக் கூடாது. பெங்களூரில் இருந்து பிரசவத்துக்கு வருகிறவர்கள் அங்கே தந்த தாயி கார்டையும் (கர்ப்பிணி அட்டை) எல்லா ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து, வந்த வாரமே இங்கே பிக்மி எண் கேளுங்கள். நெகட்டிவ் ரத்த வகை என்றால் அட்டையின் முன்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28 வாரத்தில் ஒன்றும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் போட வேண்டும்.

ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாததும் உண்டு. ஒருத்திக்கு எழுதிய பிரஷர் மாத்திரை இன்னொருத்திக்கு ஆகாது. ஆணா பெண்ணா என்று சொல்லும் ஸ்கேன் ஆட்களின் போன் நம்பர் உங்கள் நடுவில் கைமாறவே கூடாது. அது 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மறைவாக வீட்டில் நடக்கும் கருக்கலைப்பில் ரத்தம் நிற்காமல் உயிர் போயிருக்கிறது. உங்களில் ஒருத்திக்கு மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று வீட்டில் நெருக்கடி இருந்தால், அவளைத் தனியே விடாதீர்கள். தூக்கம் வராமல், சாப்பிடாமல், அழுதுகொண்டே இருக்கிறாள் என்றால் மருத்துவ ஆலோசனை எண் 104க்கோ மனநல உதவி எண் 14416க்கோ உங்கள் போனிலிருந்தே அழைத்து அவள் கையில் கொடுங்கள்.

எட்டாம் மாதம் பிறந்ததும் பிரசவத்துக்கு எங்கே போவது என்று முடிவாகியிருக்க வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைப் பிள்ளை, பிரஷர், 145 செ.மீ.க்குக் குறைந்த உயரம், கடுமையான சோகை என்றால் ஆபரேஷன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள இடம்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் ஓசூர் அரசு மருத்துவமனையும் அப்படிப்பட்டவை. வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் போல மலைமேல் இருக்கும் உறவுக்காரப் பெண்கள் இருந்தால், பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே இறங்கி வரச் சொல்லி, உங்கள் வீட்டில் ஒருவர் இடம் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தால் 108 வருவதற்குள் தெருமுனைவரை யார் கூட வருவது, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, அதே ரத்த வகையில் ரத்தம் கொடுக்க எந்த இரண்டு ஆண்கள் தயார் என்று ஐந்து பேருக்கும் பெயர் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். அது யார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு இப்போதே தெரியட்டும்.